பாலியல் நலக் கிளினிக்குக்குக் கவுன்சில் டெண்டர்: யார் முடிவெடுக்கிறார்கள், நாம் எங்கே பேசுவது?

கார்த்திகை:
வணக்கம். நான் லண்டனின் வெளிப்புற போரோ (தனிக் கவுன்சில் உள்ள நகரப் பகுதி) ஒன்றில் இருக்கிறேன். எங்கள் பாலியல் நலச் சேவையின் ஒப்பந்தம் அடுத்த வருடம் முடிகிறது. புது ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் கவுன்சில் மக்களிடம் கருத்துக் கேட்கிறது. இப்போது மூன்று இடங்களில் கிளினிக் நடக்கிறது. வரைவில் ஒரே ஒரு பெரிய கிளினிக், மீதி ஆன்லைன் என்று போட்டிருக்கிறார்கள்.

எங்கள் தமிழ்ப் பெண்கள் வட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "எங்கட ஜிபி, குடும்ப டாக்டர், தமிழர். அங்கே முன்மேசையில் இருக்கிறவர் என் மாமியோடு கோயிலுக்குப் போகிறவர். கர்ப்பம் தரிக்காமலிருக்கக் கருப்பைக்குள் காயில் வைக்க வேண்டும் என்று அவரிடம் எப்படிக் கேட்பது?" அவரைப் போன்றவர்களுக்கு ஜிபியோடு சம்பந்தமில்லாத அந்தக் கிளினிக்தான் வழி. அதைத்தான் மூடப் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் என்.எச்.எஸ், அதாவது அரசின் தேசியச் சுகாதாரச் சேவையின் வேலை இல்லையா, கவுன்சில் கையில் எப்படி வந்தது? மூடுவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டா? படிவத்தில் நாம் எழுதுவதை யாராவது படிப்பார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒப்பந்தமேசை:
கார்த்திகை அக்கா, நான் லண்டனுக்கு வெளியே ஒரு கவுன்டி கவுன்சிலின் பொதுச் சுகாதாரப் பிரிவில் இதே வேலையைத்தான் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012ஆம் ஆண்டின் சுகாதார, சமூகப் பராமரிப்புச் சட்டம் இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரத்தை என்.எச்.எஸ்ஸிலிருந்து எடுத்து உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. 2013 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. கவுன்டி கவுன்சில்கள், யூனிட்டரி கவுன்சில்கள், லண்டன் போரோக்கள் என்று மேல்நிலையில் உள்ளவற்றுக்கே இந்தப் பொறுப்பு, கவுன்டிக்குக் கீழே உள்ள டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்களுக்கு இல்லை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இது என்.எச்.எஸ் கையிலேயே இருக்கிறது.

உரிமை பற்றிக் கேட்டீர்கள். 2013 ஒழுங்குவிதிகள் கவுன்சில் கட்டாயம் செய்தே ஆக வேண்டிய சில வேலைகளைச் சொல்கின்றன. அதில் ஒன்று பாலியல் நலச் சேவை. கருத்தடை, பால்வினை நோய்களுக்கான பரிசோதனை, சிகிச்சை எல்லாம் அதற்குள் வரும். அந்தப் பகுதியில் வந்து நிற்கிற எவருக்கும் இந்தச் சேவை உண்டு. அங்கே குடியிருக்க வேண்டும் என்பதில்லை, ஜிபியின் கடிதமும் தேவையில்லை. ஆகவே சேவையை அடியோடு நிறுத்த எந்தக் கவுன்சிலாலும் முடியாது.

ஆனால் எத்தனை கிளினிக், எந்தெந்த நேரம், வாரத்தில் எத்தனை காயில் இடங்கள் என்று சட்டம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அது முழுவதும் ஒப்பந்தத்தோடு இணைக்கிற சேவை விவரணத்தில் இருக்கிறது. மக்கள் பெரும்பாலும் "மூடாதே" என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அது நியாயமான கோபம்தான், ஆனால் விவரணத்தில் ஒரு வரியைக்கூட மாற்றாது. "மாலை ஆறு மணிக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாளாவது காயில், இம்பிளான்ட் (கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடை) இடங்கள் இருக்க வேண்டும்" என்று எழுதினால் அதை எடுத்து அப்படியே விவரணத்தில் வைக்கலாம். படிவங்களை நாங்கள் படிக்கிறோம். படித்து, எந்தக் கருத்துக்கு என்ன செய்தோம் என்று கவுன்சிலர்களுக்கு அறிக்கையும் கொடுக்க வேண்டும்.

வெண்ணிலா_நர்ஸ்:
மேலே தம்பி சொன்னதில் இன்னொன்றைச் சேர்க்கிறேன். பாலியல் நலக் கிளினிக் நர்ஸாக நான் தினமும் முட்டிக்கொள்வது பணம் பிரிந்து கிடக்கிற விதத்தோடுதான்.

ஒரு பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருத்தடைக்காக ஹார்மோன் காயில் வேண்டும் என்றால் செலவு கவுன்சிலுடையது. அதே காயிலை மாதவிடாய் இரத்தப்போக்கு அதிகம் என்பதற்காகக் கேட்டால் அது ஐசிபி, அதாவது என்.எச்.எஸ்ஸின் வட்டார வாரியத்தின் கணக்கு. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பேப் ஸ்மியர் எடுக்கும் நாளும் வந்திருக்கிறது, மேசையில் படுத்திருக்கும்போதே எடுத்துவிடலாம். ஆனால் அந்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது என்.எச்.எஸ். அதற்குத் தனி உடன்பாடு இல்லாத கிளினிக்கில் "ஜிபியிடம் போங்கள்" என்று சொல்லி அனுப்புகிறோம். எச்.ஐ.வி பரிசோதனை கவுன்சில் செலவு. நோய் இருப்பது உறுதியானால் சிகிச்சைச் செலவு என்.எச்.எஸ்ஸுடையது. கருக்கலைப்பும் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவையும் ஐசிபி. ஜிபி எழுதித் தரும் மாத்திரை ஜிபியின் தேசிய ஒப்பந்தத்தில் வருகிறது, ஆனால் அதே ஜிபி காயில் வைத்தால் அதற்குக் கவுன்சில் தனியாகப் பணம் தர வேண்டும்.

ஒரே உடம்பு, ஒரே மேசை, மூன்று பணப்பை. இதை 2013இலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழகிப்போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஸ்மியர் எடுக்காமல் திருப்பி அனுப்பப்படும் பெண்ணில் எத்தனை பேர் உண்மையாகவே ஜிபியிடம் போகிறார்கள்? கார்த்திகை சொன்ன அந்தப் பெண் போவாரா?

கவுன்சிலும் ஐசிபியும் உட்கார்ந்து பேசினால் இதை ஒட்டுப்போடலாம், சட்டம் தடுக்கவில்லை. இரத்தப்போக்குக்கான காயிலையும் கிளினிக்கே வைத்துவிட்டு ஐசிபிக்குக் கணக்கு அனுப்புகிற ஏற்பாடு சில ஊர்களில் இருக்கிறது. உங்கள் படிவத்தில் முதலில் இதைக் கேளுங்கள்.

பொன்வண்டு:
வரலாறு தெரிந்தால் கவுன்சில் கையில் எப்படி வந்தது என்று ஆச்சரியப்பட மாட்டோம். உண்மையில் இது திரும்பி வந்ததுதான். முதலாம் உலகப் போர்க் காலத்தில் சிபிலிஸ், கொனோரியா என்ற பால்வினை நோய்கள் பெரிய பிரச்சினையாக இருந்தபோது ஒரு அரச ஆணையம் விசாரித்து 1916இல் அறிக்கை கொடுத்தது. அதே வருடம் வந்த விதிகளின்படி கவுன்டி கவுன்சில்களும் கவுன்டி போரோக்களும் இலவச, இரகசியச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தன. செலவில் 75 விழுக்காட்டை மத்திய அரசு கொடுத்தது. 1948இல் என்.எச்.எஸ் வரும்வரை இப்படித்தான் ஓடியது.

இன்றைக்கும் யாரும் வரலாம், பணம் இல்லை, பெயர் வெளியே போகாது என்கிற மூன்று கொள்கைகளும் அந்த நாட்களிலிருந்து வருபவை. வெட்கத்தால் மறைக்கிற நோய் தானாகப் பரவும் என்று அன்றைக்கே கண்டுகொண்டார்கள்.

ஜிபி_மேசைக்காரன்:
வரலாறு சரி, ஆனால் எனக்கு இது மறுபடி என்.எச்.எஸ்ஸுக்கே போக வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. நான் ஒரு ஜிபி நிலையத்தில் மேலாளர். எங்கள் கவுன்சில் காயில் வைப்பதற்குத் தரும் கட்டணம் பல வருடங்களாக ஏறவே இல்லை. டாக்டர் ஒருவர், உதவிக்கு ஒரு நர்ஸ், அரை மணி நேரம், கருவிகள். கட்டணம் அதற்குக் கட்டுப்படியாகவில்லை. பயிற்சி பெற்றிருந்த டாக்டர் ஓய்வு பெற்றதும் நாங்கள் நிறுத்திவிட்டோம். அந்தப் பெண்கள் எல்லோரும் இப்போது கிளினிக் வரிசையில் நிற்கிறார்கள்.

பிரெப் கதை நினைவிருக்கிறதா? எச்.ஐ.வி தொற்றாமல் தடுக்கும் மாத்திரை. 2016இல் என்.எச்.எஸ் இங்கிலாந்து, "தடுப்பு என்றால் கவுன்சில் வேலை, எங்களுக்கு அதிகாரமே இல்லை" என்றது. நேஷனல் எய்ட்ஸ் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் வழக்குப் போட்டது. ஆகஸ்டில் உயர் நீதிமன்றமும் நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் என்.எச்.எஸ்ஸுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தன. அதற்குப் பிறகும் 2017இல் ஆய்வு என்ற பெயரில் இடங்களை எண்ணித்தான் கொடுத்தார்கள். 2020இல்தான் வழக்கமான சேவையானது. மாத்திரைக்கு என்.எச்.எஸ், கிளினிக் செலவுக்குக் கவுன்சில் என்று அப்போதும் பிரித்தார்கள். யார் பணம் என்று பெரியவர்கள் சண்டை போட்ட அந்த இடைவெளியில் தொற்று வாங்கியவர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஒப்பந்தமேசை:
அண்ணா, பிரெப் விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் என்.எச்.எஸ்ஸிடம் போனால் தீரும் என்று நான் நம்பவில்லை. பள்ளிகள், போதை மீட்புச் சேவை, வீடற்றோர் விடுதி, இளையோர் மையம் எல்லாம் கவுன்சிலோடு தொடர்பில் இருக்கின்றன. கவுன்சில் பராமரிப்பில் வளரும் ஒரு 16 வயதுப் பிள்ளைக்கு நர்ஸ் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் எங்களால் அடுத்த மேசைக்குப் போய்ப் பேச முடிகிறது. மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு நெருக்கடிக்குள் இந்தச் சேவையைப் போட்டால் முதலில் நசுங்குவது இதுதான்.

குறை பணத்தில் இருக்கிறது. பொதுச் சுகாதார மானியம் தனியாக ஒதுக்கப்பட்ட பணம். 2015இல் ஆண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் 200 மில்லியன் பவுண்டை வெட்டினார்கள். பிறகு வந்த பல வருடங்களில் மெய்மதிப்பில் (விலைவாசியைக் கழித்துப் பார்த்தால்) குறைந்தது. இதற்கிடையில் 2023இல் இங்கிலாந்தில் 85,223 கொனோரியாத் தொற்றுகள் கண்டறியப்பட்டன, 1918இல் கணக்கு எடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுதான் உச்சம். சிபிலிஸ் 9,513, 1948க்குப் பிறகு அதுவரை வந்ததில் அதிகம். வெட்டியதால்தான் நோய் கூடியது என்று நான் சொல்ல மாட்டேன்; பரிசோதனை கூடினாலும் எண்ணிக்கை கூடும். ஆனால் தேவை ஏறும்போது பணம் இறங்கியது என்பது உண்மை.

மதுரைப்பையன்:
மாணவர் விசாவில் வந்திருக்கிறேன். இழைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்றால் மன்னிக்கவும். எங்களைப் போன்றவர்கள் போனால் பணம் கேட்பார்களா? விசாவுக்குப் பிரச்சினை வருமா? என் அறைத்தோழன் பயந்துகொண்டே இருக்கிறான்.

வெண்ணிலா_நர்ஸ்:
மிகவும் சம்பந்தம் உள்ள கேள்வி தம்பி. பால்வினை நோய்ப் பரிசோதனை, சிகிச்சை, கருத்தடை மூன்றும் யாருக்கும் இலவசம், எந்த விசாவானாலும் சரி, விசாவே இல்லாவிட்டாலும் சரி. எச்.ஐ.வி சிகிச்சையும் 2012 அக்டோபரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். கருக்கலைப்புக்கு விதி வேறு, அதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜிபியில் பதிந்திருக்கத் தேவையில்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் ஜிபிக்குக் கடிதம் போகாது. தோழனை இந்த வாரமே போகச் சொல்லுங்கள்.

கார்த்திகை:
இன்னொரு சந்தேகம். எங்கள் பெண்களில் சிலர் தெரிந்த முகம் யாரும் இருக்கக்கூடாது என்று வேண்டுமென்றே வேறு போரோவுக்குப் போகிறார்கள். அங்கே திருப்பி அனுப்ப முடியுமா? செலவு யாருக்கு?

ஒப்பந்தமேசை:
திருப்பி அனுப்பக்கூடாது. அதுதான் திறந்த கதவு என்கிற விதியின் உயிர். அந்தக் கிளினிக், நோயாளி வசிக்கும் பகுதியின் கவுன்சிலுக்குப் பில் அனுப்பும். பில்லில் பெயர் இருக்காது. எந்தப் பகுதி, என்ன சேவை என்பது மட்டும் போகும். மருத்துவச் செலவை இப்படி ஒரு கவுன்சிலிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் ஏற்பாட்டில் நாங்கள் மாதக்கணக்கில் வாதாடுவதும் உண்டு, ஆனால் நோயாளிக்கு அது தெரியவே கூடாது.

லண்டனில் இது அதிகம் என்பதால் பல போரோக்கள் சேர்ந்து ஒரே கட்டணப் பட்டியல் வைத்திருக்கின்றன. 2018இல் ஆரம்பித்த செக்சுவல் ஹெல்த் லண்டன் ஆன்லைன் சேவையும் போரோக்கள் கூட்டாகக் கொண்டுவந்ததுதான். ஒப்பந்தத்தை அவர்கள் சார்பில் சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன் பார்த்துக்கொள்கிறது.

வெண்ணிலா_நர்ஸ்:
ஆன்லைன் பேச்சு வந்ததால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அறிகுறி எதுவும் இல்லாத, தைரியமான, இங்கிலீஷ் படிக்கிற ஒருவருக்கு வீட்டுக்கு வரும் பரிசோதனைப் பெட்டி நல்ல வசதி. விரலில் குத்தி இரத்தம் எடுத்து, சிறுநீரோ ஸ்வாபோ (பஞ்சுக்குச்சியால் தடவும் மாதிரி) எடுத்துத் தபாலில் போட்டால் போதும். அதை நான் எதிர்க்கவில்லை.

ஆனால் எளிய கேஸ்கள் எல்லாம் தபாலுக்குப் போன பிறகு கிளினிக்கில் மிஞ்சுவது யார்? அறிகுறியோடு வருபவர், கணவன் அடிக்கிறான் என்று பரிசோதனைக்கு நடுவில் வாய் திறப்பவர், 15 வயதுப் பிள்ளை, சிபிலிஸ் ஊசி போட வந்த கர்ப்பிணி. ஒவ்வொருவருக்கும் முன்பைவிட அதிக நேரம் வேண்டும். டெண்டரில் ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று பழைய சராசரியை வைத்து விலை போட்டால், கிளினிக் முதல் வருடத்திலேயே மூச்சுத் திணறும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதுதான் நடந்தது. ஒப்பந்தம் கைமாறியபோது எங்களையும் புது முதலாளிக்கு மாற்றினார்கள். சம்பளம் சட்டப்படி காப்பாற்றப்பட்டது, ஆனால் காயில் வைக்கப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த மூத்தவர்கள் என்ன ஆகுமோ என்று முன்கூட்டியே போய்விட்டார்கள். இடம் இருந்தது, கருவி இருந்தது, கை இல்லை.

அப்புறம் நம் வீடுகள். ஒரே வீட்டில் மாமா மாமி, பிள்ளைகள், வாடகைக்கு இருக்கும் ஒருவர். தபாலை யார் முதலில் எடுக்கிறார்கள்? உறையில் ஒன்றும் எழுதியிருக்காதுதான், ஆனாலும் "இது என்ன பெட்டி?" என்ற கேள்வி வரும். பார்மசியிலோ வேறு இடத்திலோ போய் வாங்கிக்கொள்ளும் வசதி சில சேவைகளில் உண்டு. அதை விவரணத்தில் போடச் சொல்லுங்கள். பல ஆன்லைன் சேவைகள் 16 வயதிலிருந்துதான் என்பதையும், ஒரு நாளைக்கு இத்தனை பெட்டிதான் என்று சில இடங்களில் வரம்பு வைப்பதையும் கவனியுங்கள்.

பச்சைச்சிலுவை:
நான் பார்மசிஸ்ட். அவசரக் கருத்தடை மாத்திரை இவ்வளவு காலமும் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறியது. ஒரு தெருவின் இந்தப் பக்கம் இலவசம், அந்தப் பக்கம் வயது வரம்பு, இன்னோர் ஊரில் காசு. கவுண்டரில் நின்று இதை விளக்குவது எனக்கே கஷ்டமாக இருக்கும். 2025 அக்டோபரிலிருந்து இங்கிலாந்து முழுக்கப் பார்மசிகளில் என்.எச்.எஸ் செலவில் இலவசம். ஆகவே கவுன்சில் இதற்கு ஒதுக்கிய பணம் மிஞ்ச வேண்டும். அது பாலியல் நலத்துக்குள்ளேயே இருக்கிறதா, வேறு எங்காவது போய்விட்டதா என்று அக்கா கேட்கலாம்.

ஜிபி_மேசைக்காரன்:
நல்ல கேள்வி. என் தரப்பிலிருந்தும் ஒன்று: ஜிபிகளுக்கான காயில் கட்டணத்தை எப்போது கடைசியாகத் திருத்தினார்கள் என்று கேளுங்கள். கிளினிக்குகளைக் குறைத்துவிட்டு "ஜிபிகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று வரைவில் இருந்தால், எத்தனை ஜிபி நிலையங்கள் உண்மையில் வைக்கின்றன என்ற எண்ணையும் கேளுங்கள்.

கார்த்திகை:
எல்லோருக்கும் நன்றி. டெண்டர் என்றால் யார் குறைந்த விலை சொல்கிறார்களோ அவர்களுக்குத்தானா?

ஒப்பந்தமேசை:
இல்லை. 2024 ஜனவரி 1 முதல் சுகாதாரச் சேவைகளுக்குத் தனி விதிமுறை வந்துவிட்டது, சேவை வழங்குநரைத் தேர்வு செய்யும் முறை என்று. கவுன்சில்களுக்கும் அது பொருந்தும். அதன்படி போட்டி வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. இப்போது நடத்துகிறவர் நன்றாகச் செய்கிறார், சேவையும் பெரிதாக மாறவில்லை என்றால் அவரிடமே தொடரலாம். பொருத்தமானவர் யார் என்று அலசிப் பார்த்துப் போட்டியில்லாமலும் கொடுக்கலாம். அல்லது போட்டி. எப்படியானாலும் தரமும் புதுமையும், பணத்துக்கேற்ற மதிப்பு, மற்றச் சேவைகளோடு இணைப்பு, எல்லோரும் எளிதில் அணுக முடிவதும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதும், சமூகப் பயன் என்று ஐந்து அளவுகோல்களையும் பார்க்க வேண்டும். எதற்கு எவ்வளவு எடை என்பதைக் கவுன்சில்தான் முடிவு செய்கிறது. அணுகுவதற்கு அதிக எடை கொடுங்கள் என்று நீங்கள் எழுதலாம், எழுத வேண்டும்.

வரைவோடு சமத்துவத் தாக்க மதிப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2010 சமத்துவச் சட்டப்படி, இனம், பாலினம், வயது, ஊனம் போன்ற அடிப்படைகளில் யாருக்கு என்ன பாதிப்பு என்று அவர்கள் யோசித்ததைக் காட்ட வேண்டும். பெரும்பாலும் அதில் "தெற்காசியர்" என்று ஒரே வரி இருக்கும். ஜிபியின் முன்மேசை, கூட்டுக்குடும்பத் தபால், மொழிபெயர்ப்பாளர் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்ற பயம் எல்லாம் எங்கள் எண்களில் தெரியாது. அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல், அவர் சொன்ன காரணத்தை மட்டும் எழுதுங்கள். எனக்கு அப்படி ஒரு பக்கம் வந்தால் அதை இயக்குநரிடம் கையில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

கார்த்திகை:
இன்றிரவு எழுதத் தொடங்குகிறேன். நான் கேட்கப்போவது: போரோவின் வடக்குப் பக்கத்தில் வாரத்தில் இரண்டு மாலையாவது கிளினிக், அதில் காயில் இடங்கள், ஸ்மியரும் இரத்தப்போக்குக்கான காயிலும் அங்கேயே கிடைக்க ஐசிபியோடு உடன்பாடு, பரிசோதனைப் பெட்டியை வெளியே வாங்கிக்கொள்ளும் வசதி, போனில் வேறு ஊரிலிருந்து பேசும் தமிழ் மொழிபெயர்ப்பாளர், அவசர மாத்திரையில் மிஞ்சும் பணம் எங்கே போகிறது என்பதற்குப் பதில். வட்டத்தில் உள்ள மற்றவர்களும் தனித்தனியாக, அவரவர் சொற்களில் எழுதுவார்கள். விட்டது ஏதாவது உண்டா?

வெண்ணிலா_நர்ஸ்:
பயிற்சி. காயில் வைக்கப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் நேரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் முதலில் வெட்டுவது அதைத்தான்.

ஒப்பந்தமேசை:
படிவத்தோடு நிற்காதீர்கள். கவுன்சிலின் சுகாதாரக் கண்காணிப்புக் குழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. கேள்வியை முன்கூட்டியே எழுத்தில் அனுப்ப வேண்டும், கடைசித் தேதி கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே வந்துவிடும். கவுன்சில் தளத்தில் இருக்கும்.

லெஸ்டர்க்காரி:
எங்கள் பக்கமும் இப்படி ஏதாவது நடக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

ஒப்பந்தமேசை:
கவுன்சில் தளத்தில் 'கன்சல்டேஷன்' பக்கத்தை முதலில் பாருங்கள். அப்புறம் அரசின் ஃபைண்ட் எ டெண்டர் தளத்தில் உங்கள் கவுன்சில் பெயரையும் 'செக்சுவல் ஹெல்த்' என்பதையும் போட்டுத் தேடுங்கள். இப்போதைய ஒப்பந்தம் எப்போது கொடுக்கப்பட்டது, எத்தனை வருடத்துக்கு என்று அந்த அறிவிப்பில் இருக்கும். முடியும் தேதிக்கு ஒன்றரை வருடம் முன்பே எங்களைப் போன்றவர்கள் வரைவு எழுத ஆரம்பித்துவிடுவோம். அந்த நேரத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.